மாட்ரிட்டில் ஐந்து வாரம்: செலவைக் கண்டு அறையை மாற்றலாமா?

கேள்வி: நான் கரூரைச் சேர்ந்தவள். முதுகலைப் படிப்புக்காகச் செப்டம்பர் முதல் வாரத்தில் மாட்ரிட் வந்தேன். வங்கி அனுமதித்த 14 லட்ச ரூபாய் கல்விக் கடனில் 9 லட்சத்தைப் பெற்றுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் முடித்துவிட்டோம். கையில் கொண்டுவந்த 6,000 யூரோவில் ஐந்தே வாரத்தில் 2,600 யூரோ கரைந்துவிட்டது. விசாவுக்கு மாதம் 600 யூரோ காட்டியதால் அவ்வளவு போதும் என்றுதான் நம்பினேன். இப்போதைய அறைக்கு மாதம் 520 யூரோ தருகிறேன். ஊருக்குச் சற்று வெளியே 380 யூரோவுக்கு ஓர் அறை இருக்கிறது. ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்யவும் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். அங்கே மாறலாமா? அப்பாவின் 6 லட்ச ரூபாய் வைப்புநிதியை முதிர்வுக்கு முன்பே உடைக்கச் சொல்லலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நீங்கள் அனுப்பியிருந்த செலவுப் பட்டியலை வைத்தே அதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

முதல் பன்னிரண்டு நாள் விடுதிக்கு 420, அறையின் முன்பணம் 520, போர்வை, பாத்திரம், குளிர்கால மேலங்கி ஆகியவற்றுக்கு 260, அடையாள அட்டைக் கட்டணங்களுக்கும் புகைப்படத்துக்கும் 40, பணம் எடுத்ததிலும் மாற்றியதிலும் போனது 60 என, மொத்தம் 1,300 யூரோ இனி மாதாமாதம் வராத செலவு. அதில் முன்பணமான 520 திரும்பி வரவேண்டிய பணம். மீதி 1,300 யூரோவில் ஒன்றரை மாத வாடகையே 780. ஆக, நீங்கள் பயப்படுவதுபோல மாதம் இரண்டாயிரம் யூரோ செலவாகவில்லை. வாடகை 520, மின்சாரம் மற்றும் இணையப் பங்கு 40, உணவு 240, பயணச் சீட்டும் தொலைபேசியும் 35, இதர செலவு 80 என்று வைத்தால் உங்கள் உண்மையான மாதச் செலவு 915 யூரோ. விசாவுக்குக் காட்டிய 600 யூரோ என்பது 'இப்ரெம்' என்ற அரசு அளவுகோல்; உதவித்தொகை முதலியவற்றுக்குத் தகுதி பார்க்க வைத்திருக்கும் எண். மாட்ரிட்டில் ஒருவர் வாழ ஆகும் செலவை அது குறிப்பதில்லை. இதை முகவர்கள் மாணவர்களிடம் தெளிவாகச் சொல்லாமல் விடுவது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது.

இந்த மாதத்தின் மிச்ச நாட்களுக்கு 200 யூரோ ஒதுக்கினால், நவம்பர் தொடக்கத்தில் 3,200 யூரோ கையில் நிற்கும். அது பிப்ரவரி நடுப்பகுதி வரை வரும். கடனில் இன்னும் வாங்காத 5 லட்ச ரூபாய், யூரோவுக்கு 104 ரூபாய் என்று கொண்டால் சுமார் 4,800 யூரோ ஆகிறது. இரண்டையும் சேர்த்தால் ஜூலை மூன்றாம் வாரம் வரை தாங்கும். அறையைக் காலி செய்யும்போது முன்பணமும் கைக்கு வரும். இறுக்கமான கணக்குதான், ஆனால் பற்றாக்குறை இல்லை. எனவே வைப்புநிதியைத் தொட வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. எதிர்பாராத தேவை வந்தாலும் அதை உடைக்காமல், அதன் மேல் அப்பா கடன் வாங்கலாம். வைப்பு வட்டியைவிடப் பொதுவாக ஒன்றிரண்டு சதவீதமே கூடுதலாக இருக்கும். பணம் வந்ததும் அடைத்துவிடலாம். கடனின் அடுத்த தவணைக்குப் பல்கலைக்கழகச் சான்றிதழைக் கேட்டு, டிசம்பரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். வங்கிகள் இதற்குச் சில வாரங்கள் எடுத்துக்கொள்வதுண்டு. பிப்ரவரியில் கேட்டுப் பிப்ரவரியில் பணம் வாங்க முடியாது.

இனி அறை விஷயம். மாதம் 140 யூரோ மிச்சம் என்பது ஒன்பது மாதத்தில் 1,260 யூரோ. அது சிறிய தொகையன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்பெயினில் குடியிருப்பவர் எவரும் தாம் வாழும் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். மாணவர்கள் 'பத்ரோன்' என்று சொல்வது இதைத்தான். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் மாணவர், நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கேயும், பிறகு தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போதும், பல அலுவலகங்கள் இந்தப் பதிவுச் சான்றைக் கேட்கின்றன. உங்களுக்கு நகராட்சி முன்பதிவு அடுத்த வாரமும், அட்டைக்கான முன்பதிவு அதற்கடுத்த வாரமும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நேரத்தில் ஒப்பந்தமுள்ள முகவரியை விட்டு, பதிவே கூடாது என்னும் முகவரிக்குப் போனால், சேமித்ததைவிட அதிகமாக இழக்க நேரிடலாம். மேலும், எழுத்து இல்லாத இடத்தில் கொடுக்கும் முன்பணத்தைத் திரும்பக் கேட்க உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது. சென்ற ஆண்டு ஒரு மாணவர் இப்படித்தான் இரண்டு மாத முன்பணத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, கடைசியில் வெறுங்கையோடு வெளியேறினார்.

வாடகைச் சுமையைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால், அட்டை கைக்கு வந்தபின், ஏற்கெனவே பதிவாகியுள்ள முதன்மை வாடகைதாரர் கையொப்பமிட்டு ஒப்புதல் தரும் பங்கு வீட்டைத் தேடுங்கள். உங்கள் பெயரில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அந்த ஒப்புதலை வைத்துப் பதிவு செய்ய வழியுண்டு. இப்போதைய அறையின் சுவர், கட்டில், அடுப்பு எல்லாவற்றையும் இன்றே தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். முன்பண ரசீதில் 520,00 என்றிருப்பதைப் பார்த்துத் திகைத்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கே காற்புள்ளிக்குப் பின் வருவது காசு, ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி. ஆகவே 1.200 என்று எங்கேனும் கண்டால் அது ஆயிரத்து இருநூறு.

தேவையின்றிப் போனது அந்த 60 யூரோ. இந்திய வங்கி அட்டையைப் போட்டதும் இயந்திரத் திரையில் ரூபாயில் கணக்கிடட்டுமா, யூரோவிலா என்று கேட்டிருக்கும். நமக்குப் பழகிய ரூபாயை அழுத்திவிட்டீர்கள். எப்போதும் யூரோவையே தேர்ந்தெடுங்கள். அதைவிட நல்லது, அங்கேயே ஒரு வங்கிக் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் முறையாகத் தங்கியிருப்பவருக்கு 'அடிப்படைக் கட்டணக் கணக்கு' கேட்கும் உரிமை உண்டு. ஸ்பெயினில் அதற்கான மாதக் கட்டணம் 3 யூரோவைத் தாண்டக்கூடாது. வாடகையை அதன் வழியே அனுப்பினால் ஒவ்வொரு மாதமும் ஒரு சான்று தானாகவே சேரும். அறைத்தோழிகள் மின்கட்டணத்தைப் பிரித்துக்கொள்ளும் 'பீஸும்' (Bizum) என்ற கைபேசிப் பணப்பரிமாற்றச் சேவைக்கும் அந்தக் கணக்கு தேவை.

அப்பா பணம் அனுப்ப நேர்ந்தால் மாதாமாதம் வேண்டாம், இரண்டு மூன்று முறையாக அனுப்பட்டும். ஒவ்வொரு முறையும் வங்கிக் கட்டணம் விழுகிறது. நோக்கம் என்ற இடத்தில் வெளிநாட்டுக் கல்வி என்றே குறிக்கச் சொல்லுங்கள். 2025-26 நிதியாண்டில், வங்கியின் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு, அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரியான மூலவரி வசூல் (டி.சி.எஸ்.) கிடையாது. சொந்தப் பணமானாலும் 10 லட்ச ரூபாயைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே உண்டு. கரூரில் உள்ள உங்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவும் மறக்காதீர்கள்.

பகுதிநேர வேலைக்கு வாரம் 30 மணி நேரம் வரை இடமுண்டு. ஆனாலும் அதிலிருந்து வரும் பணத்தை இந்தப் பருவக் கணக்கில் சேர்க்காதீர்கள். மொழி பிடிபடவே சில மாதம் ஆகும். உணவுக்கு நான் வைத்த 240 யூரோ, வெளியே 13, 14 யூரோ கொடுத்து மதிய உணவு உண்டால் நிச்சயம் போதாது. அங்கே உள்ளூர் மாணவர்களே 'தப்பர்' என்று சொல்லும் டப்பாவில் சோறு கொண்டுவந்து, பல்கலைக்கழக மைக்ரோவேவில் சூடுபடுத்தி உண்கிறார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. லவாப்பியெஸ் பகுதிக் கடைகளில் துவரம் பருப்பும் புளியும் கிடைக்கும். அரிசியையும் காய்கறியையும் அருகிலுள்ள பேரங்காடியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நவம்பர் முடிந்ததும் அந்த மாதச் செலவை மட்டும் தனியாக எழுதி அனுப்புங்கள். 915 என்ற எண் சரியா என்று சேர்ந்து பார்ப்போம்.