ஒன்பது பவுண்டுச் சீட்டு

கேள்வி: 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடற்படை அலுவலகத்தில் இருந்த சாமுவேல் பெப்பிஸ், மாலுமிகளின் சம்பளத்தில் கை வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவராமே? அவருடைய நாட்குறிப்பைப் போய் உலகமே கொண்டாடுகிறதே! திருடினாரா, இல்லையா?

பதில்: மாலுமியின் சீட்டைத் திருடினாரா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் யோக்கியர் என்று சான்றிதழ் கேட்டால் தர மாட்டேன்.

டச்சுக்காரர்களோடு போர் நடந்த 1665-67 காலத்தில் கஜானா காலி. தேர்ந்த மாலுமிக்கே மாதம் 24 ஷில்லிங்தான் சம்பளம். அதையும் காசாகத் தராமல் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். லண்டன் அலுவலகத்தில் சீட்டைக் காட்டினால் பணம் கிடைக்கும், அங்கே பணம் இருந்தால்! வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. மாலுமி சீட்டைத் தரகரிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவான். அதிகாரிகளும் இதில் கூட்டு என்பதுதான் புகார்.

பட்டினியோடு தெருவில் கிடந்த மாலுமிகளில் நூறு பேர் தன் பின்னால் வந்ததை, 1665 அக்டோபரில் பெப்பிஸே எழுதியிருக்கிறார். சிலர் சபித்தார்கள், சிலர் கெஞ்சினார்கள். தன் மனம் கலங்கியதாகவும் எழுதுகிறார். சரி, கலங்கியிருக்கலாம்.

1667 ஜூனில் டச்சுப் படை இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து, 'ராயல் சார்லஸ்' போர்க்கப்பலையே இழுத்துக்கொண்டு போனது. "முன்பு சீட்டுக்காகச் சண்டை போட்டோம், இப்போது டாலருக்காகப் போடுகிறோம்" என்று எதிரிக் கப்பலிலிருந்து, டச்சுப் பக்கம் போய்விட்ட ஆங்கில மாலுமிகள் கத்தினார்களாம். டாலர் என்றது டச்சு வெள்ளிக் காசை. அதே வாரம் பெப்பிஸ் சுமார் 1,300 பவுண்டு தங்கத்தை மனைவியிடமும் தகப்பனாரிடமும் கொடுத்து, அவசரமாகக் கிராமத்துக்கு அனுப்பினார்.

விசாரணை வராமல் இருக்குமா? 1668 மார்ச் 5-ஆம் தேதி, கொஞ்சம் ஒயினும் பிராந்தியும் உள்ளே தள்ளிவிட்டு, நாடாளுமன்றத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பேசித் தன் அலுவலகத்தைக் காப்பாற்றினார். அப்புறம் 1670-இல், ஒரு மாலுமியின் சீட்டுப் பணம் பெப்பிஸ் பெயரில் போயிருக்கிறது என்று கணக்கு விசாரணைக் குழு பிடித்தது. 9 பவுண்டுச் சொச்சம். இவ்வளவு பெரிய பொறுப்பில் இருப்பவர் இந்த அற்பத் தொகைக்கா இறங்குவார் என்று மன்னர் இரண்டாம் சார்லஸே சிரித்துவிட்டார்.

மன்னர் சொன்னது நியாயம்தான். பெப்பிஸின் வருமானம் மாலுமியிடமிருந்து வரவில்லை, கான்ட்ராக்டரிடமிருந்து வந்தது. கடற்படைக்கு மரம் விற்ற வியாபாரி வாரன் கொடுத்த கையுறைப் பொட்டலத்துக்குள் 40 தங்கக் காசுகள் இருந்தன. பதவியின் சம்பளம் ஆண்டுக்கு 350 பவுண்டு. 1660-இல் வேலைக்கு வந்தவரின் சொத்து, 1666 முடிவில் 6,200 பவுண்டைத் தாண்டிவிட்டது. வேறு சில பதவிகளும் வைத்திருந்தார் என்பது உண்மை. அதைச் சேர்த்தாலும் கணக்கு இடிக்கிறது. மாலுமிக்கு இல்லாத பணம், விலையை ஏற்றி விற்பவருக்கும் அவருக்குக் கையெழுத்துப் போடுபவருக்கும் எங்கிருந்து வந்தது? குழு அதைத்தான் குடைந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நீங்கள் கொண்டாடக் கூடாது என்று நினைக்கிற அதே நாட்குறிப்பால்தான். சுருக்கெழுத்தில் எழுதிப் பூட்டி வைத்தார். 1825-இல்தான் அச்சுக்கு வந்தது. விசாரணைக் குழுவின் கையில் அது கிடைத்திருந்தால் மன்னருக்குச் சிரிப்பு வந்திருக்காது. 1663 ஏப்ரல் பக்கத்தைப் பாருங்கள்: ஒரு கேப்டன் கொடுத்த கடித உறையை, உள்ளே பார்க்காமலே கவிழ்த்துக் காசைக் கொட்டுகிறார். நாளை யாராவது கேட்டால், "உறைக்குள் பணம் எதையும் பார்க்கவில்லை" என்று சொல்ல வேண்டுமல்லவா!