கோர்ம்லியின் உடல்கள் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பொதுவெளிச் சிற்பங்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில் ஆண்டனி கோர்ம்லியை மிக உயர்த்திச் சொல்லியிருந்தீர்கள். தன் உடலையே அச்செடுத்து, அதையே இரும்பில் வார்த்து, கடற்கரையிலும் கட்டட மாடிகளிலும் ஓயாமல் நிறுத்திக்கொண்டிருப்பவரைச் சிற்பி என்பதா, தற்பெருமைக்காரர் என்பதா? அதுவும் மக்கள் பணத்தில்?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள வாசகருக்கு,

தன்னைக் காட்டிக்கொள்ள விரும்புகிறவர் முதலில் முகத்தைக் காட்டுவார். கோர்ம்லியின் உருவங்களிலோ கண்ணும் வாயும் துலங்காமல் மழுங்கியே இருக்கும். 1950இல் லண்டனில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜ் படிப்பை முடித்ததும் 1971 முதல் 1974 வரை இந்தியாவிலும் இலங்கையிலும் பௌத்தம் பயின்றார். விபாசனா தியானத்தில் அசையாமல் அமரவும் அப்போதுதான் பழகினார். ரயில் நிலையங்களில் தலைமுதல் கால்வரை போர்த்திக்கொண்டு உறங்கும் மனிதர்களைப் பார்த்த நினைவிலிருந்து, ஊர் திரும்பியபின் பிளாஸ்டரில் நனைத்த துணியைக் கொண்டு அவர் செய்த படைப்பில், ஆள் இல்லை. ஆள் படுத்திருந்த இடம் மட்டும் துணியின் மேடுபள்ளங்களாக எஞ்சியிருக்கிறது. பின்னாளில் தன் உடலின் மீது மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டர் துணிகளை ஒட்டச் செய்து, அது இறுகும்வரை மூச்சைச் சீராக விட்டபடி நின்று அச்செடுத்ததும் இதே எண்ணத்தின் தொடர்ச்சிதான். கைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கும் உடல் தன்னுடையது என்பதால் அதைப் பயன்படுத்தினார் என்றே நான் கொள்கிறேன்.

லிவர்பூலுக்கு வடக்கே கிராஸ்பி கடற்கரையில் 2005 முதல் நிற்கும் 100 வார்ப்பிரும்பு மனிதர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 650 கிலோ எடை. எல்லாம் கடலையே நோக்கி நிற்பவை. ஓதம் ஏறும்போது சில கழுத்தளவு மூழ்கும், சில முழுவதும் மறையும். நீர் வடிந்தபின் தொடையிலும் இடுப்பிலும் கொட்டலசுகள் என்னும், பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிரிகள் அப்பிக் கிடக்கும். 1997இல் ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபனில் தொடங்கி, நார்வே, பெல்ஜியம் என்று சுற்றிவந்த இந்தப் படைப்பு, கடலில் படகு விடுவோருக்கு ஆபத்து என்ற எதிர்ப்பையெல்லாம் கடந்து, 2007இல்தான் அங்கேயே நிலைக்க அனுமதி பெற்றது. அந்த உடல்கள் யாருடையவை என்ற கேள்வியைக் கடல் எப்போதோ அரித்துவிட்டது.

பணம் குறித்த கேள்வி நியாயமானதே. வடகிழக்கு இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் 1998இல் எழுந்த கோர்ம்லியின் ‘வடக்கின் தேவதை’க்கு ஆன செலவு சுமார் 8 லட்சம் பவுண்டு, பெரும்பகுதி தேசிய லாட்டரி நிதி. 20 மீட்டர் உயரமும் 54 மீட்டர் சிறகு விரிவும் கொண்ட அந்த 200 டன் எஃகுச் சிலையை வேண்டாம் என்று உள்ளூரில் பலர் எதிர்த்தார்கள். நகராட்சி விடாப்பிடியாக நின்றது. அது நிற்பது மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் தொழிலாளர்கள் குளித்துவந்த கட்டடம் இருந்த இடத்தில். நிறுவிய சில மாதங்களிலேயே பக்கத்து நகரமான நியூகாசிலின் கால்பந்து ரசிகர்கள் அதற்குத் தங்கள் அணியின் நட்சத்திர வீரர் ஆலன் ஷியரரின் 9ஆம் எண் சட்டையை மாட்டிவிட்டார்கள். ஊர் ஒரு சிலையை ஏற்றுக்கொண்டதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தங்கள் கேள்வி மெய்யாகவே குத்தும் இடம் வேறு. 2007இல் லண்டன் கட்டட மாடிகளில் நிறுத்திய 31 உருவங்களைப் பின்னர் நியூயார்க், சாவ் பாவ்லோ, ஹாங்காங் என்று அவர் கொண்டுபோனார். கிராஸ்பியில் இடம் படைப்பை மாற்றியது. இங்கே எந்த நகரமும் அந்த உருவங்களை மாற்றவில்லை. அந்த வரிசையைப் பற்றி மட்டும் தாங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை.