தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்தவர் எப்போது மீண்டும் ஸ்கூபா டைவிங் போகலாம்?

வலது தோளில் கிழிந்த ரொட்டேட்டர் கஃப் தசைநாரைத் தைத்து இரண்டரை மாதம் ஆகிறது, வலி அநேகமாகப் போய்விட்டது, அடுத்த மாதம் நண்பர்களோடு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். டைவ் செய்யலாமா, கூடாதென்றால் இந்த ஏக்கத்தை எப்படித் தாங்குவது என்பது உங்கள் கேள்வி.

அடுத்த மாதம் வேண்டாம். இதைச் சொல்ல எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்ததில் எனக்கும் வலது தோளில் இதே தசைநார் கிழிந்து, இதே அறுவை சிகிச்சை நடந்தது. புதுச்சேரிக் கடல் தெளிந்திருந்த ஒரு பருவம் முழுவதையும் கரையிலிருந்தே பார்த்தேன்.

வலி போய்விட்டது என்கிறீர்கள். என்னைக் கேட்டால், இந்தச் சிகிச்சையில் மிகவும் ஆபத்தான காலமே வலி போன பிறகு வருவதுதான். மேற்கை எலும்பின் தலையைச் சுற்றி நான்கு தசைகளின் நார்கள் ஒட்டியிருக்கின்றன; இவற்றைத்தான் ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். பிய்ந்துபோன நாரை மருத்துவர் சிறு ஊக்குகளும் நூலும் கொண்டு எலும்போடு சேர்த்துக் கட்டுகிறார். முதல் ஆறு வாரம் அந்த நூல்தான் நாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாரும் எலும்பும் ஒன்றையொன்று ஓரளவு பற்றிக்கொள்ளவே சுமார் பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகுதான் பிசியோதெரபிஸ்ட் ரப்பர் பட்டையைக் கையில் கொடுத்து வலுவேற்றும் பயிற்சியைத் தொடங்குவார். முழு வலு வர இன்னும் பல மாதங்கள் ஆகும். ஆனால் வலி இந்தக் கணக்கின்படி நடந்துகொள்வதில்லை. பத்தாவது வாரத்திலேயே விலகிவிடலாம். தோள் சரியாகிவிட்டது என்று மனம் நம்பும் அந்த நாட்களில்தான் கனமான ஒன்றைத் தூக்கித் தையலை அறுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் முறை தைப்பது முதல் முறையைப் போல் எளிதாக இருக்காது.

டைவிங்கில் தோளுக்கு எங்கே வேலை வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். நீருக்குள் இறங்கிய பிறகு கைகளுக்கு அநேகமாக வேலையே இல்லை. நல்ல டைவர் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, காலில் மாட்டும் ஃபின்களால்தான் நகர்வார். நீரின் அழுத்தமும் அந்த ஊக்குகளை ஒன்றும் செய்யாது, அவற்றுக்குள் காற்றறை கிடையாது. தோளைச் சோதிப்பது படகும் கரையும்தான். நம் ஊரில் பெரும்பாலும் கிடைக்கும் அலுமினிய சிலிண்டர் வெறுமையாகவே சுமார் 14 கிலோ இருக்கும்; நிரப்பிய காற்றின் எடை மட்டும் இன்னும் இரண்டரை கிலோவுக்கு மேல். பி.சி.டி. (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைக் கட்டுப்படுத்தும் அங்கி), ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி), ஈயக்கட்டிகள் எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும். அத்தனையையும் சுமந்துகொண்டு ஆடும் படகில் நிற்க வேண்டும், பின்பக்கமாக உருண்டு விழ வேண்டும், திரும்பி வந்து ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். ஏணியில் கால் வைக்கும் நேரத்தில் அலை படகைத் தூக்கினால், ஒரு கணம் உங்கள் முழு எடையும் ஒரு கையில் தொங்கும். அந்தக் கணத்தில் எந்தக் கையால் பிடிப்பது என்று யாரும் யோசிப்பதில்லை, வலது கைக்காரர் வலது கையால்தான் பிடிப்பார்.

நீருக்குள்ளும் இரண்டு அசைவுகளுக்கு வலது தோள் கட்டாயம் வேண்டும். வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவினால் வலது கையைத் தொடைக்குக் கீழே இறக்கி, பின்னால் கொண்டுபோய், பெரிய வட்டமாகச் சுழற்றி குழாயைத் தேடி எடுக்கிறோம். அது கிடைக்காவிட்டால் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டரின் வாய்ப்பகுதியில் குழாய் தொடங்கும் இடத்தைப் பிடிக்கிறோம். தைத்த தோளுக்குக் கடைசியாகத் திரும்பி வரும் அசைவுகளும் இவையே.

இதையெல்லாம் உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் விரிவாகச் சொல்லுங்கள். என் மருத்துவர் நல்லவர், கைராசிக்காரர். ஆனால் "எப்போது டைவிங் போகலாம் டாக்டர்?" என்று நான் கேட்டபோது, குளத்தில் குதிப்பதைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சிலிண்டரின் எடை, ஏணி, தலைக்குப் பின்னால் போகும் கை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, என் பையைத் தூக்கும் வீடியோவையும் காட்டியபோது அவர் பதிலே மாறிவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்னால் பேச்சே வேண்டாம், அதற்குப் பிறகும் தோளின் வலுவைப் பார்த்துத்தான் என்றார். கிழிசலின் அளவு, வயது, நாரின் தரம் இவற்றைப் பொறுத்து உங்களுக்கு இந்தக் காலம் கூடலாம், குறையலாம்.

மருத்துவப் படிவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டைவிங் மையங்கள் கொடுக்கும் படிவத்தில், கடந்த 12 மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஆம் என்று எழுதினால் மருத்துவரின் கையெழுத்து வேண்டும். பயணம் கெட்டுவிடுமே என்று இல்லை என்று எழுதிவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் துணை டைவர் 15 மீட்டர் ஆழத்தில் திணறினால் அவரை மேலே கொண்டுவர வேண்டியவர் நீங்கள். மயங்கியவரை நீர்மட்டத்தில் பிடித்து இழுத்து வர இரண்டு தோள்களும் வேண்டும். அவர் உங்களை நம்பி இறங்குகிறார், உங்கள் தோளின் நிலை அவருக்குத் தெரியாது. எனக்கு இந்தக் காத்திருப்பைத் தாங்கக்கூடியதாக ஆக்கியது இந்த ஒரு நினைப்புதான். என் தோளுக்காக மட்டும் என்றிருந்தால் நானும் அவசரப்பட்டிருக்கக்கூடும்.

ஆறாத தோளோடு டைவ் செய்வதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வேகமாக மேலே வந்தாலோ அதிக நேரம் ஆழத்தில் இருந்தாலோ உடலில் உருவாகும் நைட்ரஜன் குமிழ்களால் வரும் டிகம்ப்ரஷன் நோய் பெரும்பாலும் மூட்டு வலியாகத்தான் தொடங்கும். அடிக்கடி அது பிடிக்கும் மூட்டுகளில் தோளும் ஒன்று. மாலையில் தோள் வலித்தால் அது தையலின் வலியா, குமிழின் வலியா என்று நீங்களும் சொல்ல முடியாது, மருத்துவரும் தடுமாறுவார். அறுவை சிகிச்சைக்குப் பின் விரல்களில் மரத்துப்போன உணர்வு மிச்சமிருந்தால் குழப்பம் இன்னும் அதிகம். அதனால் திரும்பப் போகும் காலம் வந்த பிறகும், எங்கே வலி இருக்கிறது, எங்கே உணர்ச்சி குறைவு, கை எவ்வளவு உயர்கிறது என்பதை டைவுக்கு முன்பே எழுதி டைவ் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். தூக்கம் வரவழைக்கும் வலிமாத்திரை சாப்பிடும்வரை கடலைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஏக்கத்தைப் பற்றி. நண்பர்கள் அனுப்பும் ஆமைப் படங்களைப் பார்த்துவிட்டு, சாய்வு நாற்காலியிலேயே நிமிர்ந்தபடி தூங்க முயன்ற இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. உயிர்போகும் விஷயமா இது என்று வீட்டில் கேட்பார்கள். வாரம் முழுக்க அலுவலகத்தில் உழைப்பவருக்கு நீருக்கடியில் தன் மூச்சொலியை மட்டும் கேட்கும் முக்கால் மணி நேரம் என்னவென்று அவர்களுக்கு விளக்க முடியாது, விளக்கவும் வேண்டாம். வருத்தப்படுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

படகில் சும்மா உட்கார்ந்து வருகிறேன் என்று முதல் மூன்று மாதம் கிளம்பாதீர்கள். படகு ஆடினால் கை தானாக எதையாவது பற்றும். அதற்குப் பதிலாக நான் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) பாடத்தைப் படித்தேன். பெரும்பகுதி ஏட்டுப் படிப்பு, நீருக்குள் இறங்காமலேயே முடிக்கலாம். டைவ் நேர அட்டவணைகளைப் பழைய முறையில் கையால் போட்டுப் பழகினேன். மருத்துவர் அனுமதித்த பிறகு நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிளை ஓட்டிக் கால் வலுவைக் காப்பாற்றிக்கொண்டேன். எல்லாவற்றையும் விட நிம்மதி தந்தது காயம் நன்றாக ஆறிய பிறகு, பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் கழுத்தளவு நீரில் நின்று செய்த பயிற்சிதான். தரையில் உயர்த்த முடியாத கை நீரில் தானாக மிதந்து எழும். அந்த முதல் நாள் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஹேவ்லாக் டிக்கெட்டை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் போய்வாருங்கள், ஆனால் ராதாநகர் கடற்கரை அலையில் இறங்காதீர்கள், உருட்டிவிடும். டைவ் செய்ய அடுத்த பருவத்தில் போகலாம். அதற்கு முன் நீச்சல் குளத்தில் முழு உபகரணத்தோடு ரெகுலேட்டரைத் தேடி எடுப்பது, நீர்மட்டத்தில் பி.சி.டி.யைக் கழற்றி மாட்டுவது, ஒருவரை இழுத்து நீந்துவது மூன்றையும் வலியின்றிச் செய்து பாருங்கள். முதல் டைவுக்கு நீரோட்டமும் ஆழமும் உள்ள டிக்சன்ஸ் பினாக்கிள் வேண்டாம். கரையிலிருந்தே நடந்து இறங்கக்கூடிய, ஆழம் குறைந்த நீமோ ரீஃப் போதும்; அங்கே ஏணியே இல்லை. சிலிண்டரை வேறு யாராவது தூக்கி வரட்டும், இடுப்பளவு நீரில் நின்று மாட்டிக்கொள்ளுங்கள். படகு டைவ் என்றால் ஏறும் முன் நீரிலேயே உபகரணத்தைக் கழற்றி மேலே கொடுத்துவிடுங்கள். முன்கூட்டியே கேட்டால் படகில் இருப்பவர்கள் மறுப்பதில்லை.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இடது தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால், அவர்கள் கவனிக்க வேண்டியது பி.சி.டி.யின் காற்றுக் குழாய். அதை இடது கையால் தலைக்கு மேல் உயர்த்தித்தான் காற்றை வெளியேற்றுகிறோம். கை உயராவிட்டால் காற்று உள்ளேயே தங்கி உங்களை வேகமாக மேலே இழுத்துக்கொண்டு போகும். பல பி.சி.டி.களில் வலது பக்கம் கயிறு இழுத்துத் திறக்கும் வால்வு ஒன்றும் இருக்கும். அதைக் குளத்தில் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.