சூடோ போட்டும் 80 சதவீதத்துக்கு மசியாத பேட்டரி

கேள்வி: மொரிஷியஸ் ரோஸ் ஹில்லில் தமிழாசிரியராக இருக்கிறேன். அசூஸ் லேப்டாப்பில் உபுண்டு போட்டிருக்கிறேன். நாள் முழுக்கச் சார்ஜரில்தான் கிடக்கிறது. 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்த ஒரு கமாண்ட் கிடைத்தது. சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓடவைக்கும் கமாண்ட்) சேர்த்து அடித்தாலும் 'பெர்மிஷன் டினைட்' என்கிறது. ஏன்?

பதில்: 'சூடோ எக்கோ 80' என்று எழுதி, அம்புக்குறி (>) போட்டு, பேட்டரி வரம்புக்கான ஃபைலைக் காட்டியிருப்பீர்கள். அங்கே எக்கோ மட்டும்தான் ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, ஓடுகிறது. ஃபைலைத் திறப்பது உங்கள் ஷெல், அதாவது நீங்கள் அடிக்கும் கமாண்டை வாங்கி ஓடவைக்கும் நிரல். அதற்கு அந்த அதிகாரம் கிடையாது. அம்புக்குறியை எடுத்துவிட்டு, 'எக்கோ 80', பைப் (|), 'சூடோ டீ' (sudo tee), கடைசியில் ஃபைலின் பாதை என்று எழுதுங்கள். 80 உள்ளே போய்விடும்.

அது டிஸ்க்கில் இருக்கும் ஃபைலே இல்லை. லினக்ஸின் மையமான கெர்னல், சிஸ்எஃப்எஸ் என்ற போலி ஃபைல் அமைப்பு வழியாகக் காட்டும் ஒரு கதவு. நீங்கள் 80 என்று எழுதியதும் அசூஸ் டிரைவரின் ஃபங்ஷன் ஒன்று ஓடி, அந்த எண்ணை லேப்டாப்பின் ஃபர்ம்வேருக்கு (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் நிரலுக்கு) சொல்கிறது. சார்ஜை நிறுத்துவது ஃபர்ம்வேர்தான். ஆகவே, பவர் சப்ளை ஃபோல்டரில் (/sys/class/power_supply) பேட்0 (சில மாடல்களில் பேட்1) உள்ளே 'சார்ஜ் கன்ட்ரோல் எண்ட் த்ரெஷோல்ட்' (charge_control_end_threshold) என்ற ஃபைல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அசூஸுக்கு இது லினக்ஸ் 5.4 முதல் உண்டு. புதிய கெர்னலிலும் அது இல்லையென்றால் உங்கள் மாடலின் ஃபர்ம்வேர் அந்த வசதியைத் தரவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்ட் எதுவும் அதை வரவழைக்காது, நேரத்தை வீணாக்காதீர்கள்.

இன்னொன்று: மறுபடி பூட் செய்தால் 100 என்று காட்டும். பயப்பட வேண்டாம். பழைய வரம்பு என்ன என்று ஃபர்ம்வேரிடம் கேட்டறிய டிரைவருக்கு வழியில்லை. அதனால் பேட்டரியைக் கண்டதும் 100 என்று வைத்துவிட்டுத்தான் தொடங்கும். கமாண்டுகளைத் தானாக ஓடவைக்கும் பட்டியலான கிரான்டேப் ரூட்டுக்கும் உண்டு; அதில், பூட் ஆனதும் ஓடும் 'அட்ரீபூட்' (@reboot) வரி ஒன்று சேர்த்தால் போதும். அங்கே ஷெல்லே ரூட் என்பதால் பழைய அம்புக்குறிக் கமாண்டே வேலை செய்யும்! உபுண்டுவின் திரைச் சூழலான க்னோம் 48 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் பவர் செட்டிங்ஸில் பேட்டரி ஆயுளைக் காக்கும் தேர்வு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் டெர்மினல் பக்கமே போகவேண்டாம்.

இப்போது பேட்டரி 95இல் இருந்தால் உடனே 80க்கு இறங்காது. சார்ஜரைக் கழற்றிப் பயன்படுத்தினால்தான் இறங்கும்.

லித்தியம் பேட்டரிக்கு முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஆகாது. உங்கள் ஊர் ஜனவரிக் கோடை வெயிலுக்கு 80 நல்ல வரம்புதான். ஆனால் அதே ஜனவரி புயல் மாதமும்கூட; 2024இல் பெலால் புயல் வந்தது ஜனவரி 15இல். இரண்டாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்ததுமே அதே கமாண்டில் 80ஐ 100 ஆக்கிவிடுங்கள். மூன்றாம் வகுப்புக்குக் காத்திருந்தால் நிரம்புவதற்குள் கரண்ட் போய்விடலாம்.