கார்னோசினும் அன்செரினும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கார்ன்எம்டி1 என்ற மரபணுவைப் பழைய பாடநூல்களில் காண முடியவில்லையே, ஏன்?

பதில்: அப்போது அதற்கு சி9ஓஆர்எஃப்41 என்ற குறியீடு மட்டுமே இருந்தது. ஒன்பதாம் குரோமோசோமில், செயல் இன்னதென்று தெரியாத புரதத்துக்கான ஒரு வரிசை என்பதற்கு மேல் அப்பெயரில் பொருள் இல்லை. தசையில் உள்ள கார்னோசின் (பீட்டா-அலனின், ஹிஸ்டிடின் என்ற இரு அமினோ அமிலங்கள் இணைந்த டைபெப்டைடு) 1900இலும், அதன் நெருங்கிய உறவுப் பொருளான அன்செரின் 1929இலும் அறியப்பட்டுவிட்டன; முன்னதை மற்றதாக மாற்றும் பாலூட்டி நொதிக்குரிய மரபணுவோ 2015இல்தான், போலந்தின் யாகுப் டிரோஷாக் குழுவினர் எலித் தசையிலிருந்து அந்நொதியைப் பிரித்தெடுத்தபோது, அடையாளம் காணப்பட்டது. எஸ்-அடினோசைல்மெத்தியோனின் என்ற மூலக்கூறு தரும் மீத்தைல் தொகுதியை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்), கார்னோசினின் ஹிஸ்டிடின் பகுதியில் உள்ள இமிடசோல் வளையத்தின் ஒரு குறிப்பிட்ட நைட்ரஜனோடு இந்நொதி சேர்க்கிறது. அவ்வாறு பிறப்பதே அன்செரின்.

கேள்வி: கோழித் தசையில் அன்செரின் மிகுதியாமே, அங்கும் இதே மரபணுவா வேலை செய்கிறது?

பதில்: கோழித் தசையில் 2013இல் இதே குழுவினர் கண்டறிந்த நொதி வேறு, அது ஹிஸ்டமினை மீத்தைலேற்றும் நொதியின் உறவுப் புரதம், பாலூட்டிகளிடம் அது இல்லை. ஒரே வினைக்கு இயற்கை இரு வழிகளைக் கண்டிருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அன்செரின் என்ற பெயரே பெருவாத்தை (goose) குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

கேள்வி: மனிதத் தசையில் அன்செரின் அரிது என்கிறார்கள். பிறகு இம்மரபணு நமக்கு எதற்கு?

பதில்: நம் தசையில் கார்னோசினே மேலோங்கியிருக்கிறது, அன்செரின் மிகச் சிறிதளவே. ஆனால் இம்மரபணு தரும் நொதியின் பணி கார்னோசினோடு முடிவதில்லை: ஆர்.என்.ஏ. பணிகளில் ஈடுபடும் சில துத்தநாக விரல் புரதங்களின் (துத்தநாக அயனியைப் பற்றி விரல் போல் மடியும் பகுதி கொண்டவை) ஹிஸ்டிடினையும் இது மீத்தைலேற்றுகிறது என 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே தசையை மட்டும் வைத்து இம்மரபணுவை மதிப்பிடுவது சரியன்று என்பதே என் கருத்து.

கேள்வி: சிறுநீர்ப் பரிசோதனைக்கு முன் கோழி இறைச்சியைத் தவிர்க்கச் சொன்னார்கள். காரணம் என்ன?

பதில்: உண்ட அன்செரின் உடலில் பீட்டா-அலனினாகவும் 1-மீத்தைல்ஹிஸ்டிடினாகவும் பிளவுபட்டு, பின்னது சிறுநீரில் வெளியேறுகிறது. தசைப் புரதச் சிதைவை அளக்கப் பயன்படுவது 3-மீத்தைல்ஹிஸ்டிடின்; இது ஆக்டின், மயோசின் ஆகிய புரதங்களில் உள்ளதால், உண்ட இறைச்சியிலிருந்தும் வந்து அளவைக் கூட்டிவிடும். எனவே எந்த இறைச்சியானாலும் தவிர்ப்பதே முறை. உயிர்வேதியியலாரும் கரிம வேதியியலாரும் ஹிஸ்டிடின் வளையத்தின் அணுக்களை எதிரெதிர்த் திசையில் எண்ணிடுவதால், ஒருவரது 1 மற்றவரது 3 ஆகிவிடுகிறது. அறிக்கையைப் படிக்கும்போது ஆய்வகம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று கேட்டறியுங்கள்.

கேள்வி: கார்னோசின் மாத்திரை உட்கொண்டால் தசையில் அது கூடுமா?

பதில்: உட்கொண்ட கார்னோசினை இரத்தத்தில் உள்ள கார்னோசினேஸ் என்ற நொதி விரைவில் பிளந்துவிடுகிறது. அந்நொதிக்குரிய மரபணு 18ஆம் குரோமோசோமில் உள்ள சிஎன்டிபி1, கார்ன்எம்டி1 அன்று. தசை தன் கார்னோசினைத் தானே தொகுத்துக்கொள்கிறது. அதற்குப் போதாமல் போவது பெரும்பாலும் பீட்டா-அலனினே என்பதால்தான் விளையாட்டு வீரர்கள் அதை உட்கொள்கிறார்கள். ஒரே வேளையில் அதிகம் உட்கொண்டால் தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு தோன்றும்.