78 வயதுப் பாட்டிக்கு ஹயாட்டஸ் ஹெர்னியா ஆபரேஷன் செய்யலாமா?

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் தடுப்பாக இருக்கிற தசைதான் உதரவிதானம். அதிலுள்ள ஓட்டை வழியாக இரைப்பை மேலே நெஞ்சுக்குள் ஏறுவதுதான் ஹயாட்டஸ் ஹெர்னியா. இந்த வயசில் கத்தி வைக்கலாமா என்றுதான் உங்கள் வீட்டிலும் தயங்குவார்கள். எங்கள் அம்மிச்சிக்கும் (அம்மாவின் அம்மா) அப்போது 78. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம்.

"சாமி, நாலு வாய் உங்கறதுக்குள்ள நெஞ்சடைக்குது" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஈசிஜி, எக்கோ இரண்டும் சரி. கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியதும் இரும்புச்சத்து மாத்திரை. எதைக் கேட்டாலும் "வயசாச்சுல்ல" என்றுதான் பதில்.

ஒரு நாள் விடியற்காலையில் குமட்டிக் குமட்டி எடுக்கிறது, ஒன்றும் வெளியே வரவில்லை. கோயம்புத்தூர் கொண்டுபோனோம். மூக்கு வழியாக விட்ட டியூப் வயிற்றுக்குள் இறங்கவே இல்லை. சிடி ஸ்கேனில் வயிற்றின் முக்கால் பாகம் நெஞ்சுக்குள் ஏறி முறுக்கிக்கிடந்தது. உதரவிதானத்தில் உரசுகிற இடத்தில் புண்ணாகி ரத்தம் கசிந்ததால்தான் சோகை என்றார்கள். அப்புறம் வீட்டு டிரங்குப் பெட்டியில், முன்பு சளிக்கு எடுத்த எக்ஸ்ரே கிடைத்தது. இதயத்துக்குப் பின்னால் வட்டமாக ஒரு காற்றுக் குமிழி, அடியில் கோடு போட்டது போல நீர்மட்டம். அன்றைக்கே தெரிந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. இன்னமும் எனக்கு ஆறவில்லை.

எண்டோஸ்கோப் விட்டு முறுக்கைத் தளர்த்தி, இரண்டு நாள் கழித்து லேப்ராஸ்கோப்பியில் வயிற்றைக் கீழே இறக்கினார்கள். ஹெர்னியாவைச் சுற்றியிருந்த சவ்வுப் பையை அகற்றி, உதரவிதானத்தின் ஓட்டையைத் தைத்து, வயிற்றின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைத்தார்கள். மாமன்கள் தயங்கி நின்றதால் நான் கையெழுத்துப் போட்டேன். பொண்ணு வயித்துப் பேரன் எப்படிப் போடலாம் என்று இன்றுவரை அந்த வீட்டில் பேச்சில்லை. இரண்டு வருடம் அவரைத் தூக்கிக்கொண்டு அலைந்தது என் அம்மா. அது யார் கண்ணிலும் படவில்லை.

நான் டாக்டர் இல்லை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எல்லோருக்கும் அறுக்கச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். பெரும்பாலான ஹயாட்டஸ் ஹெர்னியா மேலும் கீழும் நழுவுகிற வகை, மாத்திரையிலேயே அடங்கும். வயிறே மேலே ஏறியிருந்தாலும், தொந்தரவு இல்லாத முதியவர்களை ஆபரேஷன் இல்லாமல் கவனித்து வருவதும் உண்டு. ஆனால் வாந்தி, சோகை, சாப்பிட்டால் மூச்சுமுட்டல் இருந்தால் வயதை மட்டும் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். இதயமும் நுரையீரலும் தாங்குமா என்பதுதான் கேள்வி. திட்டமிட்டுச் செய்வதைவிட அவசரத்தில் செய்வதில்தான் ஆபத்து அதிகம்.

போன முறை ஸ்கேனில் கொஞ்சம் மறுபடி ஏறியிருந்தது. படத்தில் அப்படித் தெரிவது சகஜம், தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றார் சர்ஜன். இப்போது அம்மிச்சி குழைந்த அரிசிம்பருப்புச் சோறு இரண்டு கரண்டி, ஒரு நாளைக்கு ஐந்து வேளையாகச் சாப்பிடுகிறார்.

பாட்டியைக் கூட்டிப்போகும்போது வீட்டில் இருக்கிற பழைய எக்ஸ்ரே அத்தனையையும் எடுத்துப் போங்கள்.