பொட்டாசியத்துக்கு 2, 8, 9 ஏன் வராது?

"அணு எண் 19 உள்ள பொட்டாசியத்துக்கு என் மகன் 2, 8, 9 என்று வரைகிறான். மூன்றாவது கூட்டில் 18 எலக்ட்ரான் கொள்ளும் என்று புத்தகமே சொல்கிறதே, அப்புறம் எப்படித் தப்பு என்கிறான். என்ன சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பையன் கேட்பது நியாயம். மன்னார்குடிப் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வருஷா வருஷம் யாராவது இதைக் கேட்பார்கள். கேட்காமல் 2, 8, 8, 1 என்று சரியான விடையை ஒப்பிக்கிற பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

அணு எண் 19 என்றால் அணுவில் 19 எலக்ட்ரான். அணுக்கருவைச் சுற்றி அவை அடுக்கடுக்காக இருக்கின்றன, அந்த அடுக்கைத்தான் கூடு என்கிறோம். 2, 8, 18, 32 என்பதெல்லாம் ஒவ்வொரு கூட்டுக்கும் உச்சவரம்பு. எந்த வரிசையில் நிரம்பும் என்று அது சொல்வதில்லை. வரிசையைத் தீர்மானிப்பது ஆற்றல். மூன்றாம் கூட்டுக்குள்ளேயே எஸ், பி, டி என்று உட்கூடுகள் உண்டு: எஸ்ஸில் 2, பியில் 6, டியில் 10. முதல் இரண்டும் நிரம்பி எட்டு ஆனதும், அடுத்து வரும் எலக்ட்ரானுக்கு மூன்றாம் கூட்டின் டியைவிட நான்காம் கூட்டின் எஸ் ஆற்றல் குறைந்த இடம். அதனால் பொட்டாசியத்தின் கடைசி எலக்ட்ரான் அங்கே போய்விடுகிறது, கால்சியத்தின் கடைசி இரண்டும் அப்படியே. 21ஆம் தனிமமான ஸ்காண்டியத்தில்தான் மூன்றாம் கூட்டுக்கு ஒன்பதாவது எலக்ட்ரான் வருகிறது: 2, 8, 9, 2. உங்கள் பையன் போட்ட 9 பொய்யில்லை, இரண்டு தனிமம் முந்திவிட்டது, அவ்வளவுதான்.

"இதை யார் உள்ளே போய்ப் பார்த்தார்கள்?" என்று அடுத்து கேட்பான். எலக்ட்ரானைப் பிடுங்கிப் பார்த்துத்தான் தெரியும். பொட்டாசிய அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானை எடுக்க 4.34 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) போதும். இரண்டாவதை எடுக்க 31.6 வேண்டும், ஏழு மடங்குக்கும் மேல். வெளிக்கூட்டில் ஒன்பது பேர் இருந்திருந்தால் ஒருவர் போனதும் இப்படி எகிறுமா? வெளியே ஒன்றே ஒன்று தனியாக நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. சோடியத்திலும் இதே கதை: 5.14, அப்புறம் 47.3.

நம் ஊர்ப் பிள்ளைக்கு இதைக் காட்ட வயலுக்கு வாங்கி வைத்த பொட்டாஷ் மூட்டை போதும். பொட்டாசிய உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் ஊதா நிறத்தில் தீப்பிடிக்கும். மூட்டையில் உள்ளதோ சேற்றில் விழுந்ததும் சாதுவாகக் கரைகிறது. காரணம், அது பொட்டாசியம் குளோரைடு. வெளியே நின்ற ஒற்றை எலக்ட்ரானைக் குளோரினிடம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. 2, 8, 8 ஆகிவிட்டது.

வரைவதற்கு நான் காம்பஸ் கேட்பதில்லை. அளவு வித்தியாசமான வளையல்களைத் தாளில் வைத்து வட்டம் போடச் சொல்வேன். எலக்ட்ரானுக்கு உளுந்து. வேதாரண்யம் உப்பில் தொடங்குவோம்: சோடியம் 2, 8, 1, குளோரின் 2, 8, 7. சோடியத்தின் கடைசி வட்டத்திலிருந்து ஓர் உளுந்தை எடுத்துக் குளோரினில் வைத்ததும், சோடியத்தின் மூன்றாவது வட்டம் காலியாகிவிடும். "சார், இந்த வட்டத்தை அழிச்சிடலாமா?" என்று ஒரு பெண் கேட்டாள். அழிக்கலாம்தான். எலக்ட்ரானை இழந்த சோடியம், அதாவது சோடியம் அயனி, சோடியம் அணுவைவிடச் சிறியதாக இருப்பதற்குக் காரணமே அந்தக் காலி வட்டம்.

ஒரு எச்சரிக்கை. 1913இல் நீல்ஸ் போர் சொன்ன இந்த வட்டங்கள் கணக்கு வைத்துக்கொள்ள உதவும் படம். எலக்ட்ரான் அப்படி வட்டப்பாதையில் ஓடுவதில்லை, அளவும் படத்தில் சரியாக வராது. சோடியத்தின் அணுக்கருவைப் பச்சைப்பயறு அளவுக்குப் பெரிதாக்கினால் அணுவின் விளிம்பு ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளிப் போகும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரமே சுமார் 66 மீட்டர்தான். எந்த நோட்டில் வரைவது?

பயிற்சிக்குக் கால்சியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரும்பு 2, 8, 14, 2 என்று வரும். டி உட்கூட்டைச் சரியாகப் படிக்காமல் அதை வரையச் சொன்னால் பையன் மறுபடி சண்டைக்கு வருவான். பதினொன்றாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.